தெல்மா ரிட்டர்: பெயர் தெரியாத அந்த முகத்தைப் பற்றிய கேள்விகள்

பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்க ஆரம்பிக்கும் யாருக்கும் பத்துப் படத்துக்குள் ஒரு அம்மா அறிமுகமாகிவிடுவார். குள்ள உருவம், கரகரத்த குரல், தூக்கம் போதாத கண்கள், கையில் எப்போதும் ஏதோ ஒரு வேலை. படம் முடிந்ததும் கதாநாயகியின் உடையை மறந்துவிடுவோம், இவர் சொன்ன ஒரு வரி மட்டும் மனதில் கிடக்கும். அப்புறம் "யார் அவர்?" என்று தேடுவோம். அப்படித் தேடி வருபவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே எனக்குள் கேட்டுக்கொண்டவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். சில படங்களின் முடிவு இதில் வெளிப்படும், அது பிடிக்காதவர்கள் படம் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

தெல்மா ரிட்டர் யார்?

1947 முதல் 1968 வரை அமெரிக்கப் படங்களில் நடித்த குணச்சித்திர நடிகை. பணிப்பெண், நர்ஸ், சமையல்காரி, கல்யாணத் தரகர், வீட்டுக்காரம்மா, போலீஸுக்குத் துப்பு விற்கும் கிழவி, சிறைக்கைதியின் தாய் என்று நடித்தவர். சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கருக்கு 6 முறை பரிந்துரைக்கப்பட்டார், ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 'ரியர் விண்டோ'வில் கால் உடைந்த கதாநாயகனுக்கு முதுகு பிடித்துவிட வரும் நர்ஸ் ஸ்டெல்லா என்றால் பலருக்குச் சட்டென்று நினைவு வரும்.

குணச்சித்திர நடிகர் என்றால் அன்றைய ஹாலிவுட்டில் என்ன பொருள்?

அன்றைக்குப் பெரிய ஸ்டூடியோக்கள் நடிகர்களை ஒப்பந்தம் போட்டு வாரச் சம்பளத்துக்கு வைத்திருந்தன. கதாநாயகனும் கதாநாயகியும் விளம்பரத்துக்கு. அவர்களைச் சுற்றி ஒரு ஊரே வேண்டுமல்லவா, மருத்துவர், வக்கீல், மதுக்கடைக்காரர், அத்தை, அடியாள் என்று? அதற்கென்று தேர்ந்த நடிகர்களின் ஒரு பெரிய கூட்டம் இருந்தது. இவர்கள் ஒரே வருடத்தில் நாலைந்து படம்கூடச் செய்வார்கள், ஒரு படத்தில் 10 நிமிடம், இன்னொன்றில் 40. அறிமுகம் செய்துவைக்க நேரமில்லாததால் திரையில் வந்த முதல் நொடியிலேயே "இந்த ஆள் யார், எங்கிருந்து வருகிறார்" என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிட வேண்டும். அதனால் ஒருவருக்கு ஒரு மாதிரி வேடம் பொருந்தினால் அதையே திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நின்றுகொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரு புது மனுஷியைக் கொண்டுவந்தவர் ரிட்டர், இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது அதைத்தான்.

இன்னொன்று. துணை நடிகர்களுக்கு ஆஸ்கர் கொடுக்கும் வழக்கமே 1936ஆம் ஆண்டின் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதல் சில வருடங்கள் அவர்களுக்குச் சிலைகூடக் கிடையாது, ஒரு பட்டயம்தான். முழுச் சிலை கொடுக்க ஆரம்பித்தது 1943 படங்களிலிருந்து. இவர்கள் வேலையைச் சினிமா உலகமே எப்படிப் பார்த்தது என்பதற்கு இது போதும்.

எங்கே பிறந்தார்? எப்படி நடிக்க வந்தார்?

நியூயார்க்கின் புரூக்ளினில், 1902 பிப்ரவரி 14 அன்று பிறந்தார். பள்ளி நாடகம், அப்புறம் அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிரமாட்டிக் ஆர்ட்ஸில் பயிற்சி, ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்கள், நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயில் சில வேடங்கள். 1927இல் ஜோசப் மோரன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரும் நடிகர்தான், பிறகு விளம்பரத் துறைக்குப் போய்விட்டார். இரண்டு குழந்தைகள். அவர்களை வளர்ப்பதற்காக மேடையை விட்டு விலகினார். 1940களில் மெதுவாக வானொலி நாடகங்களில் குரல் கொடுக்கத் திரும்பி வந்தார்.

வானொலியில் முகம் இல்லை, உடை இல்லை, நடை இல்லை. மூச்சையும் இடைவெளியையும் வைத்தே ஒரு ஆளைக் கட்டி நிறுத்த வேண்டும். பின்னாளில் ஒரு வாக்கியத்தை எந்த இடத்தில் ஒடித்தால் சிரிப்பு வரும், எந்த இடத்தில் ஒடித்தால் நெஞ்சு கனக்கும் என்று அவருக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததற்கு அந்த வருடங்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சினிமாவுக்கு வந்தபோது வயது 45 என்பது உண்மையா?

உண்மை. 1947இல் வந்த 'மிரக்கிள் ஆன் தர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்'. இயக்குநர் ஜார்ஜ் சீட்டன் குடும்ப நண்பர். ஒரு சின்ன வேடம் கொடுத்தார், டைட்டிலில் பெயர்கூட இல்லை.

காட்சி இதுதான். கிறிஸ்துமஸ் நேரம், நியூயார்க்கின் மேசிஸ் கடை. ஒரு பையன் கிறிஸ்துமஸ் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து பொம்மைத் தீயணைப்பு வண்டி கேட்கிறான். கிடைக்கும் என்று தாத்தா வாக்குக் கொடுத்துவிடுகிறார். பின்னால் நிற்கும் அம்மாவுக்குக் கோபம், ஏனென்றால் அவர் கடை கடையாக ஏறி இறங்கித் தேடியாகிவிட்டது, எங்கேயும் கிடைக்கவில்லை, கால் வலிக்கிறது, கை நிறையப் பை. தாத்தா அமைதியாக, அது இன்ன கடையில் இருக்கிறது, இவ்வளவு விலை என்று போட்டிக் கடைக்கு வழி சொல்கிறார். அந்த அம்மாவின் முகத்தில் அப்போது நடப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் நம்பவில்லை, அப்புறம் குழப்பம், அப்புறம் ஒரு மெல்லிய வியப்பு. பிறகு கடை மேலாளரிடம் போய், இனிமேல் நான் உங்கள் கடைக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். கதை திரும்புவதே அந்த இடத்தில்தான்: போட்டிக் கடைக்கு ஆள் அனுப்பினால் வியாபாரம் பெருகும் என்று நிர்வாகம் புரிந்துகொள்வது இந்த அம்மா மூலமாகத்தான்.

படத்தைத் தயாரித்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டூடியோவின் தலைவர் டாரில் ஜானக் இதைப் பார்த்துவிட்டு அவர் வேடத்தைக் கொஞ்சம் நீட்டச் சொன்னார். ஃபாக்ஸோடு உறவு அப்படித் தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து ஜோசப் மேன்கீவிச்சின் 'எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்' படத்தில் வீட்டுவேலை செய்யும் சேடி, அதிலும் பெயர் போடவில்லை. ஆனால் மேன்கீவிச் அவரை மறக்கவில்லை.

'ஆல் அபௌட் ஈவ்' படத்தில் அவருடைய வேடம் பாதியில் காணாமல் போகிறதே, ஏன்?

எனக்கு இந்தப் படத்தின் மேல் இருக்கும் ஒரே மனக்குறை இது.

மேன்கீவிச் இயக்கி 1950இல் வந்த படம், 14 ஆஸ்கர் பரிந்துரைகள், சிறந்த படம் உட்பட 6 விருதுகள். பெட்டி டேவிஸ் நடித்த மார்கோ சானிங் என்ற நாடக நட்சத்திரத்துக்கு ஒப்பனை அறை உதவியாளராக, வாட்வில் என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் முன்பு ஆடிப் பாடிய பேர்டி வேடத்தில் ரிட்டர் வருகிறார். ஈவ் என்ற இளம்பெண் வந்து தன் சோகக் கதையைச் சொல்லும்போது அறையில் எல்லோரும் உருகிப்போகிறார்கள். பேர்டியும் கேட்கிறார். முடிந்ததும் ஒரு கிண்டல் வரி சொல்கிறார், மார்கோ அதட்டுகிறாள், பேர்டி ஈவிடம் மன்னிப்புக் கேட்கிறார். அந்த மன்னிப்பு மனதாரக் கேட்டதுதான், இருந்தாலும் கண்ணில் சந்தேகம் அப்படியே நிற்கிறது. ஒரே நேரத்தில் இரண்டும்.

இன்னொரு காலையில் மார்கோ படுக்கையில் காலை உணவு சாப்பிடும்போது, உனக்கு ஈவைப் பிடிக்கவில்லையா என்று கேட்கிறாள். பதில் வேண்டுமா, வாக்குவாதம் வேண்டுமா என்கிறார் பேர்டி. பதில்தான் என்றதும் "பிடிக்கவில்லை" என்று ஒரே சொல். ஏன் என்றால், இப்போதுதான் நீங்கள் வாக்குவாதம் கேட்கிறீர்கள் என்கிறார். அப்புறம்தான் வருகிறது விஷயம்: அந்தப் பெண் உங்களைப் பாடம் படிப்பது போலப் படித்துக்கொண்டிருக்கிறாள், எப்படி நடக்கிறீர்கள், எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று. படத்தில் உண்மையை முதலில் கண்டுபிடிப்பவர் பேர்டிதான்.

கண்டுபிடித்தபின் விருந்துக் காட்சியோடு அவர் படத்தைவிட்டே போய்விடுகிறார். காரணம் எளிது என்று தோன்றுகிறது. பேர்டி கூடவே இருந்தால் மார்கோ தனிமைப்பட முடியாது, ஏமாறவும் முடியாது. கதைக்கு அவர் இல்லாமல் இருப்பது தேவைப்பட்டது. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். வீட்டில் வேலை செய்தவர் ஒருநாள் வராமல் போனால் யாரும் கேட்காத மாதிரி, அந்தப் படத்தில் யாருமே பேர்டி எங்கே என்று கேட்பதில்லை. எனக்கு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இது உறுத்துகிறது.

ஆறு பரிந்துரைகள் எந்தெந்தப் படத்துக்கு? யாரிடம் தோற்றார்?

முதல் நான்கும் வரிசையாக நான்கு வருடம். 1950இல் 'ஆல் அபௌட் ஈவ்', விருது 'ஹார்வி' படத்துக்காக ஜோசஃபின் ஹல்லுக்குப் போனது. 1951இல் 'தி மேட்டிங் சீசன்', ஜெயித்தது கிம் ஹன்டர். 1952இல் 'வித் எ சாங் இன் மை ஹார்ட்', ஜெயித்தது குளோரியா கிரஹாம். 1953இல் 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்', ஜெயித்தது டோனா ரீட். அப்புறம் 1959இல் 'பில்லோ டாக்', அந்த வருடம் ஷெல்லி வின்டர்ஸ். கடைசியாக 1962இல் 'பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்', அந்த வருடம் ஹெலன் கெல்லராக நடித்த சிறுமி பேட்டி டியூக்.

இதில் எது அநியாயம் என்று கேட்டால், கிம் ஹன்டரும் பேட்டி டியூக்கும் உண்மையிலேயே பெரிய நடிப்பு, அதில் வாதம் இல்லை. ஆனால் 1953 என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது. காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

1955 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழா ஹாலிவுட், நியூயார்க் இரண்டு இடத்திலிருந்தும் ஒளிபரப்பானது. ஹாலிவுட் மேடையை பாப் ஹோப் நடத்தினார், நியூயார்க் மேடையை ரிட்டர். பரிசே வாங்காதவர் பரிசளிப்பு விழாவை நடத்தினார்.

'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

சாமுவேல் ஃபுல்லர் எழுதி இயக்கிய படம், 80 நிமிடம்தான். நியூயார்க் சுரங்க ரயிலில் ரிச்சர்ட் விட்மார்க் ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து பணப்பையை அடிக்கிறான். அதற்குள் கம்யூனிஸ்ட் உளவாளிகளுக்குப் போக வேண்டிய மைக்ரோஃபிலிம் இருக்கிறது. அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகள் மீதான பயம் உச்சத்தில் இருந்த காலம். (பிரான்சில் இதை டப் செய்தபோது உளவாளிகளைப் போதைப்பொருள் கடத்துபவர்களாக மாற்றிவிட்டார்கள், கதை அப்படியும் ஓடியது. அரசியல் அதில் மேல்பூச்சுதான் என்று இதிலிருந்து தெரிகிறது.)

ரிட்டரின் வேடம் மோ. தெருவில் டை விற்பவர். உண்மையான தொழில், ஜேப்படிக்காரர்களைப் பற்றிப் போலீஸுக்குத் துப்பு விற்பது. முதல் காட்சியில் போலீஸ் அதிகாரியிடம் ஒரு பெயருக்கு விலை பேசுகிறார், விலைவாசி ஏறிவிட்டது, பழைய ரேட்டுக்குக் கட்டாது என்று காய்கறிக் கடையில் பேரம் பேசுவது போல. எந்தக் கையால் எடுத்தான், எப்படி மறைத்தான் என்று கேட்டே யார் என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் தொழில் தெரிந்தவர். சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்தக் காசு எதற்கு என்று தெரியும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. நியூயார்க்கில் கேட்பாரற்றுச் செத்தவர்களைப் பொது மயானத்தில் மொத்தமாகப் புதைப்பார்கள். அங்கே போய்விடக் கூடாது, தனக்கென்று ஒரு நல்ல இடத்தில் ஒரு குழி, ஒரு கல், அவ்வளவுதான் மோவுக்கு வேண்டும். அதற்காகத்தான் சேர்க்கிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், மோ யாரைக் காட்டிக்கொடுத்தாரோ அந்த ஜேப்படிக்காரனுக்கு அவர்மேல் வருத்தமே இல்லை என்பதுதான். அவரும் சாப்பிட வேண்டுமே என்று விட்டுவிடுகிறான்.

அப்புறம் அந்தக் காட்சி. இரவு, மோ நாள் முழுக்கத் தெருவில் நடந்துவிட்டு அறைக்கு வருகிறார். இசைத்தட்டைப் போடுகிறார். படுக்கையில் சாய்கிறார். அறையில் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், கையில் துப்பாக்கி. ஜேப்படிக்காரனின் முகவரி வேண்டும், பணம் தருகிறேன் என்கிறான். வாழ்நாள் முழுக்கத் தகவல் விற்ற கிழவி இதை மட்டும் விற்க மறுக்கிறார். ஏன் என்று பெரிய தேசபக்தி வசனம் எதுவும் இல்லை. ரிட்டர் பேசுவது களைப்பைப் பற்றி. முதுகு வலிக்கிறது, தலை வலிக்கிறது, ஓடி ஓடித் தேய்ந்துபோன பழைய கடிகாரம் மாதிரி இருக்கிறது, சாவதற்காகவே இன்னும் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது என்கிறார். குரல் ஏறவில்லை, கண்ணீர் இல்லை. நான் ரொம்பக் களைத்துவிட்டேன், நீ சுட்டால் எனக்கு உதவிதான் என்பது போலச் சொல்லி முடிக்கிறார். கேமரா அவரை விட்டு நகர்ந்து இசைத்தட்டுப் பக்கம் போகிறது. தட்டு முடிகிறது. துப்பாக்கிச் சத்தம் மட்டும்.

சாகப்போகிறவர் பயப்படுவதைக் காட்டுவது நடிகர்களுக்குக் கொஞ்சம் சுலபம். பயப்படக்கூட முடியாத அளவுக்கு உடம்பு சோர்ந்துபோயிருப்பதைக் காட்டுவது எவ்வளவு கஷ்டம்! தோள் சாய்ந்திருக்கும் விதம், கண்ணை முழுக்கத் திறக்காமல் அவனைப் பார்க்கும் விதம், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு எடுக்கும் நேரம் எல்லாம் சேர்ந்து அந்த மனுஷி 50 வருடமாக நின்றுகொண்டே இருந்தவர் என்று நம்ப வைக்கின்றன. இதற்குப் பிறகு பொது மயானத்துக்குப் போகும் படகில் அவருடைய சவப்பெட்டியும் ஏற்றப்பட்டிருக்கும். ஜேப்படிக்காரன் வந்து அதைக் கேட்டு வாங்கிப் போவான். அந்த இடத்தில் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும்.

டோனா ரீட்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் 1953இன் துணை நடிகை விருது மோவுக்குச் சேர வேண்டியது.

அவர் கதாநாயகியாக நடித்ததே இல்லையா?

நடித்தார், போஸ்டரில் மட்டும் அப்படிப் போடவில்லை.

'தி மேட்டிங் சீசன்' பாருங்கள். மிட்செல் லைசன் இயக்கியது. ஜெர்சி சிட்டியில் ஹாம்பர்கர் கடை வைத்திருந்து அதை இழந்த தாய், மகன் பணக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட வீட்டுக்கு வருகிறாள். மாமியாரை முன்பின் பார்த்திராத மருமகள், விருந்துக்கு அனுப்பப்பட்ட சமையல்காரி என்று நினைத்து அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறாள். இவளும் மறுக்கவில்லை, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறாள். படத்தின் முழுச் சுமையும் அவர் தோளில். டைட்டிலில் பெயர் ஜீன் டியர்னி, ஜான் லண்ட், மிரியம் ஹாப்கின்ஸ் மூவருக்கும் அப்புறம்தான். பரிந்துரையும் 'துணை நடிகை' என்றுதான் வந்தது.

ஜார்ஜ் கியூக்கர் இயக்கிய 'தி மாடல் அண்ட் தி மேரேஜ் ப்ரோக்கர்' இன்னும் நல்ல படம். இதில் அவர் மே ஸ்வேசி, கல்யாணத் தரகர். தன் கல்யாணம் உடைந்துபோனவர், ஊரில் இருக்கும் கூச்ச சுபாவிகளுக்கும் வயது கடந்தவர்களுக்கும் ஜோடி தேடிக்கொண்டிருக்கிறார். தலைப்பில் மாடல் முன்னால் வந்தாலும் கதை தரகருடையது. அதிகம் பேர் பார்க்காத படம் இது, அதுதான் எனக்கு ஆதங்கம்.

'ரியர் விண்டோ'வில் அவர் செய்தது வெறும் நகைச்சுவைதானே?

இல்லை. 1954இல் வந்த இந்தப் படத்தில் ஹிட்ச்காக் பாராமவுண்ட் ஸ்டூடியோவுக்குள் ஒரு முழு முற்றத்தையும் சுற்றிலும் குடியிருப்புகளையும் கட்டினார், கேமரா பெரும்பாலும் ஒரே அறையை விட்டு வெளியே போகாது. காலில் கட்டுப் போட்ட ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஜன்னல் வழியாக அக்கம்பக்கத்தாரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அப்படிப் பார்ப்பது தப்பு என்று முதலில் சொல்பவர் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் நர்ஸ் ஸ்டெல்லா. நாமெல்லாம் ஒளிந்து பார்ப்பவர்கள் ஆகிவிட்டோம், வெளியே நின்று நம் வீட்டுக்குள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம் என்கிறார். படத்தின் மொத்தக் கேள்வியும் அதுதான். அதை முதுகு பிடித்துவிட்டபடி, போகிறபோக்கில் சொல்கிறார்.

அப்புறம் அவரே மாட்டிக்கொள்கிறார். ஸ்டூவர்ட் தட்டில் காலை உணவை வைத்துக்கொண்டு ஒரு வாய் எடுக்கப் போகும்போது, எதிர்வீட்டுக்காரன் மனைவியை எங்கே வைத்து வெட்டியிருப்பான், குளியல் தொட்டியில்தான், அங்கேதான் கழுவ வசதி என்று ஆர்வமாக விளக்குகிறார். நம் வீட்டில் கொலைச் செய்தியைப் படித்துவிட்டுப் பேசும் பெரியவர்கள் இதே தொனியில்தான் பேசுவார்கள். கடைசியில் கிரேஸ் கெல்லியோடு கீழே இறங்கி மண்வெட்டியோடு பூப்பாத்தியைத் தோண்டுவதும் அவர்தான், கிரேஸ் கெல்லி போலீஸில் மாட்டியதும் ஜாமீனுக்குத் தன் பையிலிருந்து காசு போட்டு ஓடுவதும் அவர்தான். அவர் இல்லையென்றால் அந்த அறையில் ஒரு புகைப்படக்காரனும் ஓர் அழகியும் மட்டும் இருப்பார்கள். பார்க்கிற நாம் நிற்க இடம் இருக்காது.

எப்போதும் வேலைக்காரி வேடம்தானா? அது அவரைச் சிறுமைப்படுத்தவில்லையா?

நியாயமான கேள்வி, நானும் யோசித்திருக்கிறேன். ஹாலிவுட் அவரை அந்தக் கட்டத்துக்குள் போட்டது உண்மை. 'வித் எ சாங் இன் மை ஹார்ட்' படத்தில் விமான விபத்தில் அடிபட்ட பாடகி ஜேன் ஃப்ரோமனுக்கு நர்ஸ். 'பில்லோ டாக்'கில் டோரிஸ் டேயின் வீட்டுப் பணிப்பெண், தினமும் குடித்த தலைவலியோடு வேலைக்கு வருபவர்.

ஆனால் அவர் கெஞ்சும் வேலைக்காரியாக நடித்ததில்லை. முதலாளியம்மாவின் முகத்துக்கு நேரே பேசுவார், அந்தப் பேச்சில் பாசமும் இருக்கும், எனக்கும் ஒரு கருத்து உண்டு என்ற நிமிர்வும் இருக்கும். வேலை செய்துகொண்டே பேசுவதையும் கவனியுங்கள், கையில் இருக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வசனம் சொல்ல மாட்டார். உடை மடிப்பது, பாத்திரம் எடுப்பது, எண்ணெய் தேய்ப்பது எல்லாம் அதன் வேகத்தில் நடக்கும், வசனம் அதற்கு நடுவே வரும். சம்பளத்துக்கு வேலை செய்பவர்களின் உடம்பு எப்படி அசையும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மர்லின் மன்றோவோடு நடித்திருக்கிறாரா?

மூன்று படங்கள். 'ஆல் அபௌட் ஈவ்', 1951இல் 'ஆஸ் யங் ஆஸ் யூ ஃபீல்', கடைசியாக 1961இல் 'தி மிஸ்ஃபிட்ஸ்'. மன்றோவும் கிளார்க் கேபிளும் முழுமையாக நடித்து முடித்த கடைசிப் படம் அது. ரெனோ நகரில் விவாகரத்துக்காக 6 வாரம் தங்க வரும் பெண்களுக்கு அறை வாடகைக்கு விடும் இசபெல் வேடம், ஒரு கையில் தூளிக் கட்டு. எல்லோரும் துக்கத்தில் இருக்கும் படத்தில் அவர் ஒருவர்தான் வாழ்க்கையோடு சமாதானம் ஆனவர். அங்கேயும் பாதியில் கதையை விட்டு அனுப்பிவிடுகிறார்கள்! அவர் போனபிறகு படம் குளிர்ந்துபோகிறது.

மேடையிலும் தொலைக்காட்சியிலும்?

1957இல் 'நியூ கேர்ள் இன் டவுன்' என்ற பிராட்வே இசைநாடகம், யூஜின் ஓ'நீலின் 'அன்னா கிறிஸ்டி'யை வைத்துச் செய்தது. 431 முறை மேடையேறியது. அதற்காக 1958இல் இசைநாடகத்தின் சிறந்த நடிகைக்கான டோனி விருது (பிராட்வே நாடகங்களுக்குக் கொடுப்பது), அதே நாடகத்தில் நடித்த க்வென் வெர்டனோடு பகிர்ந்துகொண்டார். கவனியுங்கள், அது துணை நடிகை விருது அல்ல.

1955இல் பேடி சயெஃப்ஸ்கி எழுதிய 'தி கேட்டர்ட் அஃபேர்' தொலைக்காட்சி நாடகத்தில், மகளுக்குத் தடபுடலாகக் கல்யாணம் செய்யத் துடிக்கும் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி டாக்ஸி ஓட்டுநரின் மனைவியாக நடித்தார். அடுத்த வருடம் அது சினிமாவானபோது வேடம் பெட்டி டேவிஸுக்குப் போனது.

வில்லத்தனமாக நடித்ததுண்டா?

'பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்', ஜான் ஃப்ராங்கன்ஹைமர் இயக்கியது. ஆயுள் கைதி ராபர்ட் ஸ்ட்ரவுடாக பர்ட் லங்காஸ்டர், அவனுடைய தாயாக ரிட்டர். மகனைத் தூக்கிலிருந்து காப்பாற்ற வாஷிங்டன்வரை போய்ப் போராடும் தாய், அவன் வாழ்க்கையில் இன்னொரு பெண் வந்ததும் அப்படியே மாறிப்போய் அவன் வெளியே வராமலிருப்பதே நல்லது என்ற நிலைக்கு வந்துவிடுகிறாள். சிரிப்பே இல்லை, கிண்டல் வரிகளே இல்லை. பாசம் என்ற ஒரே கயிற்றால் ஒருவனைத் தூக்கிவிடவும் முடியும், கட்டிப்போடவும் முடியும் என்று அந்த இறுகிய வாயை வைத்தே காட்டிவிடுகிறார். மற்ற படங்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் திடுக்கிடும்.

எப்போது இறந்தார்?

1969 பிப்ரவரி 5, நியூயார்க்கில், மாரடைப்பு. 67ஆவது பிறந்தநாளுக்கு 9 நாள் இருந்தது.

முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

'ரியர் விண்டோ'வை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் அங்கிருந்து தொடங்குங்கள், இந்த முறை ஜன்னலை விட்டுவிட்டு ஸ்டெல்லாவின் கைகளைப் பாருங்கள். அப்புறம் 'ஆல் அபௌட் ஈவ்', ஈவ் கதை சொல்லும்போது பேர்டியின் முகத்தை மட்டும் கவனித்துக்கொண்டு. மூன்றாவதாக 'தி மாடல் அண்ட் தி மேரேஜ் ப்ரோக்கர்', ஏனென்றால் ஒரு முழுப் படத்தை அவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும்.

'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்'டை ஓர் இரவுக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். நடுவில் ஃபோன் வந்தாலும் எடுக்க வேண்டாம். முக்கியமாக மோ அறைக்கு வந்து இசைத்தட்டைப் போடும்போது.